துரை இல்லாத நாளின் இரண்டு குரைப்புகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல என்பதால் அதை எழுத எனக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட இருந்தது. பாதி தாண்டிய பிறகுதான், பெற்றவர் வேறு ஒருவராக இருந்தாலும் அந்தப் பொய்யை ஊட்டி வளர்த்து ஆளாக்கியவள் நான் என்று தெரிந்தது. அதற்குள் ஆறு பக்கம் ஆகிவிட்டது. கிழித்துப் போட மனம் வரவில்லை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். மதிய இடைவேளையில் கடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். உங்கள் கண்ணாடிச் சீட்டின் பின்னால் பாதி வாக்கியம் எதுவும் இருந்தால் அது என்னுடையதாக இருக்கலாம். தயவுசெய்து திருப்பித் தந்துவிடுங்கள்.

இந்தக் கதைக்குத் தொடக்கம் வராமல் படாத பாடு பட்டேன்.

"நாய்கள் குரைப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது—" (பள்ளிக்கூடக் கட்டுரை. விட்டுவிட்டேன்.)

"அன்று மாலை படியேறும்போது எனக்குத் தெரியாது, இன்னும் சற்று நேரத்தில்—" (தெரியாதாம். தெரிந்துகொண்டு வந்து எழுத வேண்டியதுதானே.)

"குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்." (என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாருக்கும் பகலில் தூங்க வேண்டிய வேலை இருந்திருக்காது.)

மூன்றையும் அடித்துவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தீர்மானித்தேன். அதுவும் முழுதாக முடியவில்லை, பார்ப்பீர்கள்.

2

துரை என் தம்பியின் நாய். வேலை கிடைத்து வெளியூர் கிளம்பும்போது, "ரெண்டே மாசம்க்கா, வீடு பார்த்ததும் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிக் கயிற்றை என் கையில் திணித்துவிட்டுப் போனான். மூன்று வருடம் ஆகிறது. தம்பி வீடு பார்த்துவிட்டான், கல்யாணமும் செய்துகொண்டான். அவன் மனைவிக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாதாம். துரை என்ற பெயர் நான் வைத்தது. தட்டை வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் ஐயா எழுந்து வந்து சாப்பிடுவார். பக்கத்தில் ஆள் நின்றால் கௌரவக் குறைச்சல்.

துரையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். அவன் என் முன்னால் குரைத்ததே கிடையாது. மணி அடித்தால் தலையைத் தூக்குவான், பூனை போனால் காதை நிமிர்த்துவான், அவ்வளவுதான். நான் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போன பிறகே குரைக்கிறான். ஆக, என் நாயின் குரல் எனக்குத் தெரியாது. அடுத்தவர் சொல்லிக் கேட்டதுதான்.

[போனில் பதிவு செய்து பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்தேன். பழைய போனை அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனேன். எட்டு மணி நேரம் பதிவாகியிருந்தது. மாலையில் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேட்காமலே அழித்தேன். கேட்டுவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே.]

நாங்கள் இருப்பது மூன்று அடுக்குக் கட்டடத்தின் நடு அடுக்கு. என் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டில் தையல் மெஷின் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். என் தலைக்கு மேல் வீட்டில் ஒரு நர்ஸ், ஆஸ்பத்திரியில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்து மாலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டியவர். நான் வீட்டைப் பூட்டுவது எட்டரைக்கு. அவர் கண்ணை மூடுவதும் துரை வாயைத் திறப்பதும் ஒரே நேரத்தில். இதைவிட மோசமாக மூன்று பேரை ஒரு கட்டடத்தில் அடுக்க முடியாது.

3

மெஷின் அண்ணன். அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

(முதல் பிரதியில் அவரைக் காப்பாற்றுவதற்காகத் தொழிலை மாற்றி, ஓய்வு பெற்ற தபால்காரர் ஆக்கினேன். கதை படுத்துவிட்டது. ஓய்வு பெற்றவருக்கு இந்த விஷயத்தில் போவதற்கு ஒன்றுமில்லை. என் அண்ணனுக்கு இருக்கிறது. ஏன் என்று ஆறாம் பகுதியில் தெரியும்.)

ஐம்பத்தெட்டு வயது. தனி ஆள். முன்னறையில் ஒரு நீள மேசை, அதன்மேல் எப்போதும் நாலைந்து தையல் மெஷின்கள், எண்ணெய் வாடை. வாசற்கதவை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருப்பார். நல்ல மனசு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்திருக்கிறார் என நான் நினைத்துக்கொண்டேன். தையற்காரர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவார்கள். அண்ணன் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றுவார், கண்ணை மூடிக்கொள்வார், "அடியில பல்சக்கரம் தேஞ்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் தேய்ந்திருக்கும். "அவருக்குக் காதுலயே கண்ணு" என்று தெருவில் பெயர்.

மூன்று வருடமாக மாலையில் படியேறி வந்ததும் நான் முதலில் நிற்பது அவர் வாசலில்.

"இன்னைக்கு எப்படிண்ணே?"

"பதினோரு மணிக்குத் தபால் வந்துச்சுல்ல, அப்போ ஒரு ரவுண்டு. நாலு மணி வாக்குல இன்னொரு ரவுண்டு. மத்தபடி தங்கம்."

எனக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்த மாதிரி இருக்கும். உள்ளே போய்த் துரைக்கு ஒரு பிஸ்கட் கூடுதலாகப் போடுவேன். பெற்ற பிள்ளையைப் பற்றி டீச்சர் நல்லபடியாகச் சொன்னால் தாய்மார்கள் இப்படித்தான் பூரித்துப் போவார்களோ என்னவோ.

ஆறு மாதம் முன்பு மேல்வீட்டுக்கு நர்ஸ் குடிவந்தார். இரண்டாவது வாரமே ஒரு காலையில், வேலை முடித்து வந்த களைப்போடு என் கதவைத் தட்டினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க போனதும் ஆரம்பிக்கிறான். மதியம் வரைக்கும் விடறதே இல்ல."

"அப்படியா சிஸ்டர்? சுவரு ஒட்டி இருக்கிற அண்ணனே ரெண்டு தடவைதான்னு சொல்றாரே?"

"ரெண்டு தடவையா?"

"தினம் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ளயே போறேன். அவருக்கில்லாத சத்தம் உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்கும்?"

"அப்போ எனக்குத்தான் ஏதோ கேக்குதா?"

"தூக்கம் பத்தலைன்னா அப்படித்தான் சிஸ்டர், இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்" என்றேன் நான். கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவள் காதுக்கு வைத்தியம் சொன்னேன்.

இதையே நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். நல்லதனமாகத்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டேதான். போன மாதம் அவர் பொறுக்க முடியாமல் வீட்டுக்காரருக்கு எழுதிப் போட்டுவிட்டார். இந்தத் திங்கட்கிழமை வீட்டுக்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"அக்ரிமென்ட்ல இருக்கும்மா. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவுன்னா நாயை அனுப்பிடணும். வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நேர்ல வர்றேன். சுவரு ஒட்டி இருக்கிறவர் என்ன சொல்றாரோ அதான் முடிவு."

போனை வைத்ததும் துரையின் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். வழக்கு நம் பக்கம் என்று அர்த்தம். அவனை அனுப்புவதென்றால் எங்கே அனுப்புவது? தம்பி வீட்டில் இடமில்லை. காப்பகத்தில் எட்டு வயது நாயை யார் வந்து கேட்கப் போகிறார்கள்? இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மாலையில் நான் கதவைத் திறக்கும்போது சந்தோஷப்படுகிற உயிர் உலகத்தில் அவன் ஒருவன்தான். அவன் போய்விட்டால் எனக்கு அந்த வீட்டுக்குத் திரும்பி வரவே பிடிக்காது.

4

இனி அந்தப் பொய்.

சென்ற செவ்வாய்க்கிழமை துரைக்குப் பல் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. மயக்க ஊசி போட வேண்டும், நாள் முழுக்க இங்கேயே இருக்கட்டும், ஏழு மணிக்கு வந்து அழைத்துப் போங்கள் என்றார் கால்நடை மருத்துவர். காலையில் அவனை அங்கே விட்டுவிட்டு அப்படியே கடைக்குப் போனேன். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கால் பழக்கத்தில் அண்ணன் வாசலில் நின்றது, வாய் பழக்கத்தில் கேட்டது.

"இன்னைக்கு எப்படிண்ணே?"

"தபால் வந்தப்போ ஒரு ரவுண்டு. நாலு மணிக்கு ஒண்ணு, அது கொஞ்சம் நீளம். பசிச்சிருக்கும் பாவம்."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வந்து பூட்டைத் திறந்தேன். உள்ளே யாரும் ஓடி வரவில்லை. சாவி கையில் இருக்க, அப்படியே நின்றேன்.

கதை எழுதுகிறவளுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் சும்மா இருப்பாளா? அன்று மாலையே மூன்று காரணங்கள் எழுதிவிட்டேன்.

காரணம் ஒன்று: கட்டடத்தில் எனக்குத் தெரியாமல் இன்னொரு நாய் இருக்கிறது. (துப்பறியும் கதை. கீழ்வீடுகளில் விசாரித்தேன். ஒரு கிளி இருக்கிறது. அது பேசுவதில்லை.)

காரணம் இரண்டு: அண்ணனுக்கு என்மேல் ஒரு இது. அதனால் தினமும் நாலு வார்த்தை பேசுவதற்காக— (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அரைப் பக்கம் எழுதினேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அரைப் பக்கத்தில் நான் பத்து வயது குறைந்து, ஒல்லியாக இருந்தேன்.)

காரணம் மூன்று: அவர் நல்லவர். துரை நாள் முழுக்கக் கத்துகிறான், என் மனம் நோகக் கூடாதென்று குறைத்துச் சொல்கிறார். (இதை நம்பினேன். ஆனால் இல்லாத நாய்க்கு எதற்குக் குறைக்க வேண்டும்? "இன்னைக்குச் சத்தமே இல்ல" என்று உண்மையைச் சொல்லி என்னைக் குளிர வைத்திருக்கலாமே.)

மூன்றும் சரியில்லை என்று தெரிந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன். இந்த வரிசையில் இல்லாமல் யோசித்துவிட்டு எழுதியிருந்தால் மூன்று சீட்டு மிச்சம்.

5

என் கடைக்கு வருகிறவர்களில் சிலர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். பெரும்பாலும் டிரைவர்கள். பார்வை போய்விட்டது என்று எழுதிவிட்டால் பிழைப்பு போய்விடும். முன்னால் போனவர் படிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் சத்தம் போடாமல் பலகையைத் திருப்பி வைப்பேன். பழைய எழுத்துகளையே திரும்பவும் ஒப்பிப்பார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. மனப்பாடக்காரரைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெருமை வேறு.

மூன்று வருடம் ஒரே பாட்டைப் படியில் நின்று கேட்டிருக்கிறேன்.

புதன்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பகலில் வீட்டில் இருந்தேன். பதினொன்றரைக்கு அண்ணன் வாசலுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. எனக்கு முதுகைக் காட்டி மேசை முன் உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். மறு கையில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர். அதன் நுனி மெஷினின் வயிற்றில் ஊன்றியிருந்தது. இந்தப் பக்கத்து முனையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். மெஷினின் அதிர்வை எலும்பு வழியாக வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அண்ணே" என்றேன். திரும்பவில்லை.

"அண்ணே!" இது உரக்க. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது தடவை கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். ஒரு மனிதரை அவருக்குத் தெரியாமல் பின்னால் நின்று சோதித்த வெட்கம் இப்போதும் போகவில்லை.

[செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியைக் கதை முழுக்கத் தவிர்க்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சபதம் எடுத்தேன். இப்போது எழுதிவிட்டேன். மன்னிக்கவும். இனி வராது.]

6

வியாழக்கிழமை காலை கடைக்குப் போகும் முன் நேரே அவர் எதிரில் போய் நின்றேன்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை துரை வீட்டுல இல்ல. டாக்டர்கிட்ட விட்டிருந்தேன்."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்தார்.

"முழு நாளுமா?"

"முழு நாளும்."

"அடடா" என்றார். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு எழுந்து போய், மூன்று வருடத்தில் முதல் தடவையாக, வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எப்போலேர்ந்துண்ணே?"

"வலது காது நாலஞ்சு வருஷமாச்சு. நீ குடிவந்த சமயத்துல இடதும் அதோட சேர்ந்துக்கிச்சு. மூஞ்சியப் பார்த்தா பேச்சு புரியும். மெஷினைத் தொட்டா மெஷின் புரியும். சுவருக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் இல்ல."

"டாக்டர்?"

"காது மெஷின் வைக்கச் சொன்னாரு. அதை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தா, வர்றவங்க முதல்ல எதைப் பார்ப்பாங்க? 'இவருக்கே காது கேக்கல, நம்ம மெஷினை என்னத்தக் கேக்கப் போறாரு'ன்னு அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்கம்மா. வேற தொழில் எனக்கு என்ன தெரியும்?"

"சரி, என்கிட்டயாவது கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ 'கேக்குதா'ன்னா கேட்ட? 'குரைச்சானா'ன்னுதானே கேட்ட? குரைக்கவே இல்லைன்னா நீ நம்பமாட்ட. நிறையன்னா பயந்துடுவ. ரெண்டுன்னேன். ரெண்டு நியாயமா இருந்துச்சு."

"பதினோரு மணி?"

"தபால்காரர் வர்றது ஜன்னல்ல தெரியும். தபால்காரரைப் பார்த்துக் குரைக்காத நாய் எங்க இருக்கு?"

"நாலு மணி?"

"அது சும்மா. ஒண்ணோட நிறுத்தினா கட்டுக்கதை மாதிரி இருக்கும்ல."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. நான் இத்தனை வருடம் எழுதிய எந்தக் கதையையும் ஒருவர் மூன்று வருடம் தினமும் வந்து நின்று கேட்டதில்லை, நம்பியதும் இல்லை.

கிளம்பும்போது அவரே சொன்னார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் வர்றாருல்ல? ரெண்டு தடவைன்னே சொல்லிடுறேன். நீ கவலைப்படாம போ."

கவலைப்படாமல்தான் போனேன்.

7

அன்று மாலை ஆறரைக்கு நான் படியேறிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் வேலைக்குக் கிளம்பி இறங்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

"அக்கா, உங்களைப் பார்க்கணும்னே இருந்தேன். எங்க ஆஸ்பத்திரியிலேயே காதைச் சோதிச்சுக்கிட்டேன்."

"என்ன சொன்னாங்க சிஸ்டர்?"

"காது நல்லாத்தான் இருக்காம். அப்போ பிரச்சினை மண்டைக்குள்ளதான் போல. அடுத்த வாரம் மனநல டாக்டரைப் பார்க்கப் போறேன்." கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "நேத்து ஒரு பேஷன்ட்டுக்கு ஊசி போட்டுட்டனா இல்லையான்னே எனக்கு நிச்சயமா தெரியல. நல்ல வேளை, கூட இருந்த பொண்ணு பார்த்துச்சு. என் மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு அக்கா. எதுவும் தெரியாம உங்க நாய் மேல புகார் கொடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் வந்தா வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லிடுறேன்."

அப்போது நான் சொன்ன பதிலை இதுவரை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். ஒன்றில் அழுகிறேன்.

நடந்தது இது. "பரவாயில்ல சிஸ்டர்" என்றேன். என்னமோ நான் அவரை மன்னிக்கிற மாதிரி. அவர் "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

8

கதைக்கு முடிவு வேண்டும். கைவசம் இருப்பவை:

முதல் முடிவு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. சிஸ்டர் புகாரை வாபஸ் வாங்குகிறார். அண்ணன் "ரெண்டு தடவை" என்கிறார். வீட்டுக்காரர் துரையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார். எல்லாரும் சிரிக்கிறோம். இதை ஒன்றரைப் பக்கம் எழுதிப் பார்த்தேன். தங்குதடை இல்லாமல் வந்தது. இதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நாயும் தங்கும், அண்ணனின் தொழிலும் தங்கும். மேல்வீட்டில் நல்ல காதுள்ள ஒரு பெண் தனக்குப் பைத்தியம் என்று நம்பிக்கொண்டிருப்பாள், அது ஒன்றுதான்.

இரண்டாவது முடிவு. நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறேன். சிஸ்டர் நிமிர்கிறார். அண்ணனின் ரகசியம் கட்டடம் முழுக்கப் பரவுகிறது, ஒரே மாதத்தில் மேசை காலியாகிறது. அவர் என்னை நம்பிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன விஷயம் அது. அதை எடுத்து நான் எப்படி—

மூன்றாவது முடிவு. துரை திருந்திவிடுகிறான். (ஆமாம், ஆமாம்.)

வெள்ளிக்கிழமை மாலை, இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அண்ணன் மேசைமேல் வைத்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. "கதைண்ணே. நீங்க வர்றீங்க. எது வேண்டாமோ அடிச்சிடுங்க" என்றேன்.

9

சனிக்கிழமை காலையில் திரும்பி வந்தது. பென்சிலில் குறிப்புகள் எழுதியிருந்தார். அப்படியே தருகிறேன்.

வயது எழுதிய இடத்தில்: "ஐம்பத்தேழுதான். ஏத்தாதே."

என்மேல் 'ஒரு இது' என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நீளமாக ஒரு கேள்விக்குறி.

ஸ்க்ரூ டிரைவர் பக்கத்தில்: "கடிக்கிறது மரப் பிடியை. இரும்பைக் கடிச்சா பல்லும் போயிடும். தெரியாம எழுதாதே."

நான் பின்னால் நின்று கூப்பிட்ட இடத்தில்: "நீ வந்தது தெரியும். எதிர்ல இருந்த மெஷின் தகட்டுல உன் உருவம் விழுந்துச்சு, வாய் அசையிறதும் தெரிஞ்சுது. திரும்பலாமான்னு யோசிச்சேன். தினம் ரெண்டு ரெண்டுன்னு சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போச்சும்மா. அதான் திரும்பல."

ஏழாம் பகுதியின் ஓரத்தில், பென்சில் அழுந்தியிருந்தது: "அந்தப் பொண்ணு காதைப் போய்ச் சோதிச்சுக்கிட்டது எனக்குத் தெரியாது. இதை ஏன் நீ என்கிட்டச் சொல்லல? கேக்குற காதைக் கேக்கலைன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து நம்ப வச்சிருக்கோம். இதை முதல்ல அதுகிட்டக் கொடு. என்னைப் பத்தி ஒரு வரி அடிக்காதே."

கடைசித் தாளின் அடியில்: "ஞாயித்துக்கிழமை நான் சாட்சி சொல்ல மாட்டேன். எனக்குக் காது கேக்காதுன்னு வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். மெஷின் கொண்டு வர்றவங்க வந்தா வரட்டும், போனா போகட்டும். நாயைப் பகல்ல என்கிட்ட விடு. ஆள் கூட இருந்தா குரைக்க மாட்டான்னு தோணுது. குரைச்சாலும் எனக்கு ஒண்ணுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கதவு வழக்கம்போல் திறந்திருந்தது. சுற்றி நடந்து, அவர் முன்னால் வந்து நின்ற பிறகுதான் பேசினேன்.

10

சிஸ்டர்,

இதுவரை நான் 'நீங்கள்' என்று கூப்பிட்டது முன்பின் தெரியாத வாசகரை. இந்தப் பகுதியில் அது நீங்கள்.

இன்று கடைக்குப் போகவில்லை. நீங்கள் மேலே தூங்குவதற்காகத் துரையோடு வீட்டில் இருக்கிறேன். என் காலில் தலையை வைத்துப் படுத்திருக்கிறான், மூச்சுச் சத்தம்கூட இல்லை. நாலு மணிக்கு நீங்கள் எழுந்ததும் இந்தத் தாள்களைக் கொண்டுவந்து தருவேன்.

உங்கள் காது நன்றாக இருக்கிறது. உங்கள் மண்டையும் நன்றாக இருக்கிறது. ஆறு மாதமாக நீங்கள் கேட்டதெல்லாம் நடந்தது. பதிவு செய்து கையில் வைத்திருந்ததைக் கேட்காமல் அழித்தவள் நான். என்னை மன்னியுங்கள் என்று இங்கே எழுதினால் நீங்கள் நல்லவர், உடனே மன்னித்துவிடுவீர்கள். அதனால் இப்போது கேட்கவில்லை.

நாளைக்கு வீட்டுக்காரர் வரும்போது புகாரை வாபஸ் வாங்காதீர்கள். அண்ணன் சொன்னபடி நாயை அவர் வீட்டில் விட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் அங்கேயும் குரைத்தால் அவருக்குத் தெரியாது, கடையில் இருக்கும் எனக்கும் தெரியாது. அந்த யோசனை பலித்ததா இல்லையா என்று சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். வேண்டாம், அனுப்பிவிடுங்கள் என்று நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன். அழுவேன். அது உங்கள் கணக்கில் சேராது.

ஒன்று கவனித்தீர்களா? இத்தனை பக்கத்தில் துரையின் குரைப்பு ஒரு இடத்தில்கூட இல்லை. நாயைப் பற்றிக் கதை எழுதிவிட்டு அதை எழுத முடியவில்லை. வீடு பூட்டியதும் அவன் போடும் சத்தம் கோபமா, பயமா, என்னைக் கூப்பிடுகிறானா என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கீழே பாதிப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். அவன் எப்படிக் குரைக்கிறான், எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறான், எப்போது ஓய்கிறான், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். நாளை பத்து மணிக்குக் கதவைத் திறப்பதற்கு முன் நான் அதைப் படிக்க வேண்டும்.